வீட்டுக்காரர்களும் குடியிருப்பவர்களும்: அமெரிக்க ஃப்ரெட்டர்னிட்டிகளில் பழைய மாணவர் ஆதரவு

2015 ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரி, ஆல்ஃபா டெல்டா என்ற ஃப்ரெட்டர்னிட்டிக்கு (ஆண் மாணவர்களின் சகோதர அமைப்பு) கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. புதிய உறுப்பினர் சிலரின் உடலில் சூடு போடப்பட்டது தெரியவந்ததே உடனடிக் காரணம். அமைப்பு அப்போதே வேறொரு குற்றத்துக்கான தண்டனைக் காலத்தில் இருந்தது. ஃப்ரெட்டர்னிட்டி வாழ்க்கையைப் பற்றி 1978இல் வெளிவந்த 'அனிமல் ஹவுஸ்' படத்தின் கதாசிரியர்களில் ஒருவர் இதே அமைப்பின் பழைய உறுப்பினர் என்பதால் செய்தி நாடு முழுக்கப் பரவியது. அங்கீகாரம் போனதும் ஹானோவர் ஊர் நிர்வாகம் அடுத்த பிடியைப் போட்டது. அந்த வட்டாரத்தின் நிலப்பயன்பாட்டு விதிப்படி, கல்வி நிறுவனத்தோடு இணைந்து நடக்காத மாணவர் குடியிருப்புக்கு அங்கே இடமில்லை. விதி வருவதற்கு முன்பிருந்தே தங்கள் வீடு இப்படித்தான் இயங்குகிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2017இல் ஊருக்குச் சாதகமாக முடிந்தது.

இந்த வழக்கில் வாதாடியது, தண்டனைக்கு ஆளான மாணவர்கள் அல்ல. 'டார்ட்மத் கார்ப்பரேஷன் ஆஃப் ஆல்ஃபா டெல்டா' என்ற, பழைய உறுப்பினர்களின் கழகம்தான் நீதிமன்றப் படியேறியது. வீடு அதன் பெயரில் இருந்தது. மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கழகம் போகாது.

அமெரிக்கக் கல்லூரி ஃப்ரெட்டர்னிட்டிகளில் பழைய மாணவர்கள் இன்றைய கிளைக்கும் அதன் பொறுப்பாளர்களுக்கும் தரும் ஆதரவைப் பற்றி இரண்டு பேச்சுகள் புழக்கத்தில் உள்ளன. அமைப்புகள் தாமே வெளியிடும் கையேடுகள் அதை வழிகாட்டல், வாழ்நாள் சகோதரத்துவம் என்கின்றன. இதழியல் அதைக் கவசமாகப் பார்க்கிறது. கெயிட்லின் ஃப்ளானகன் 2014இல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இரண்டாம் தரப்பின் வலுவான ஆவணம். நிக்கலஸ் சைரட் 2009இல் வெளியிட்ட வெள்ளையர் ஃப்ரெட்டர்னிட்டிகளின் வரலாறும், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் அமைப்பை ஆராய்ந்து ஜான் ஹெக்கிங்கர் 2017இல் எழுதிய நூலும் இளைஞர்களின் ஆண்மைப் பண்பாட்டை மையத்தில் வைத்தவை. இக்கட்டுரையின் கேள்வி அதைவிடக் குறுகலானது: பழைய மாணவரின் உதவி கிளைக்குள் எந்த வழியாக நுழைகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? சொத்து வழியாக எளிதாக நுழையும் உதவி, பொறுப்பாளரான இருபது வயது இளைஞனின் பக்கத்தில் வந்ததும் தயங்கி நிற்கிறது என்பதும், அந்தத் தயக்கத்தைச் சட்டமும் காப்பீடும் ஊட்டி வளர்க்கின்றன என்பதும் என் வாதம்.

1. வீடு வந்த வழி

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட முதல் மாணவர் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றி, பின்னாளில் கல்விச் சிறப்புக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் ஃப்ரெட்டர்னிட்டி என்று அறியும் வடிவம் 1825இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில், கப்பா ஆல்ஃபா சொசைட்டியோடு தொடங்குகிறது. வாடகை அறைகளில் ரகசியமாகக் கூடிய அந்தப் பையன்களுக்கு வீடு வாசல் எதுவும் கிடையாது. 1846இல் ஆன் ஆர்பரில் கை சை அமைப்பினர் கட்டிக்கொண்ட மரக்கட்டைக் குடிலே முதல் ஃப்ரெட்டர்னிட்டி வீடு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

குடில் மாளிகையானதற்குக் கல்லூரிகளே ஒரு காரணம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹென்றி டாப்பன் ஜெர்மானியப் பல்கலைக்கழக முறையில் மனம் பறிகொடுத்தவர். மாணவனுக்குச் சோறு போட்டுப் படுக்கை விரிப்பது பல்கலைக்கழகத்தின் வேலையல்ல என்று கருதி, 1850களில் விடுதி அறைகளை வகுப்பறைகளாக்கினார். தங்க இடம் தேடிய மாணவர்களுக்கு ஃப்ரெட்டர்னிட்டி கைகொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 1920கள் வரை தூண் வைத்த முகப்புகளோடு வரிசையாக வீடுகள் எழுந்தன. பல கல்லூரிகளுக்கு அது உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது. தாங்கள் செலவழிக்க வேண்டிய விடுதிக்கு வேறு யாரோ பணம் போடுகிறார்கள் என்றால் கசக்குமா?

அந்த வேறு யாரோ பழைய மாணவர்கள். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக 21 வயதே சட்டப்படியான வயது. பத்தொன்பது வயதுப் பையனின் கையெழுத்தை நம்பி எந்த வங்கியும் அடமானக் கடன் தராது. தந்தாலும் நான்கு ஆண்டில் ஊரை விட்டுப் போகிறவனிடம் முப்பது ஆண்டுத் தவணையை எப்படி வசூலிப்பது? ஆகவே பட்டம் பெற்று, சம்பாதித்து, அதே ஊரில் அல்லது பக்கத்து ஊரில் நிலைத்தவர்கள் ஒரு கழகமாகப் பதிவு செய்துகொண்டு நிலம் வாங்கினார்கள், கட்டினார்கள், மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஹவுஸ் கார்ப்பரேஷன் எனப்படும் இந்த வீட்டுக் கழகம்தான் பழைய மாணவர் ஆதரவின் முதுகெலும்பு. ஆலோசனை, உதவித்தொகை, ஆண்டு விருந்து எல்லாம் அதன்மேல் பிற்காலத்தில் படர்ந்த சதை.

2. மாதக் கூட்டத்தில் பேசப்படுவது

வீட்டுக் கழகத்தின் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நாற்பது பேர் தங்கக்கூடிய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அடமானத் தவணை, சொத்து வரி, காப்பீடு, கொதிகலன் பழுது, தீயணைப்புத் தெளிப்பான்கள் என எல்லாம் நாற்பது பேரின் வாடகையை எண்ணிப் போட்ட கணக்கு. இந்த ஆண்டு இருபத்தெட்டுப் பேரே தங்க வருகிறார்கள். தலைக்கு ஆண்டுக்கு 7,000 டாலர் என்று வைத்தால் 84,000 டாலர் துண்டு விழுகிறது. கழகத்தின் பொருளாளர் ஐம்பது வயதுக் கணக்காளராக இருக்கலாம். மாணவர் தரப்பில் அவர் எதிரே உட்கார்ந்திருப்பவன் கிளைத் தலைவன். வயது இருபது, மறுநாள் காலையில் அவனுக்குப் பருவத் தேர்வு. வெளியே அறை எடுத்துத் தங்கும் உறுப்பினர்களிடம் வீட்டுப் பயன்பாட்டுக் கட்டணம் வசூலிக்கலாமா, இரண்டாம் ஆண்டு மாணவர் எல்லாரும் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று விதி போடலாமா என்று பேச்சு போகும். கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: இன்னும் அதிகம் பேரைச் சேருங்கள்.

பொதுக் கட்டுரைகள் இந்தக் கணக்கை அதிகம் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் மொத்த உறவின் மையமாகப் படுகிறது. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு நிதானமாகச் சேர்ப்பது என்பது கிளையின் தன்மையைத் தீர்மானிக்கும் முடிவு. அந்த முடிவின்மேல் காலிப் படுக்கைகளின் அழுத்தம் ஏறுகிறது. அழுத்துகிறவர் கெட்ட எண்ணத்தில் அழுத்தவில்லை. தன் பணத்தையும் தன் வகுப்புத் தோழர்களின் பணத்தையும் போட்ட கட்டடத்தை அவர் காப்பாற்றப் பார்க்கிறார். அதையே அவர் ஆதரவு என்றும் உண்மையாகவே நம்புகிறார்.

வீட்டுக் கழகத்துக்கு வெளியே ஆலோசகர் குழு என்று இன்னொன்று உண்டு. நன்றாக நடக்கும் கிளைகளில் தலைவருக்கு ஒருவர், பொருளாளருக்கு ஒருவர், உறுப்பினர் சேர்க்கைக்கு ஒருவர், படிப்புக்கு ஒருவர், ஆபத்துத் தடுப்புக்கு ஒருவர் எனப் பழைய மாணவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பொறுப்பாளர்களுக்குச் சில அமைப்புகளில் தொன்மையான பட்டங்களும் உண்டு. சிக்மா கை அமைப்பில் தலைவர் 'கான்சல்', பொருளாளர் 'க்வேஸ்டர்'. சிக்மா ஆல்ஃபா எப்சிலானில் தலைவர் 'எமினென்ட் ஆர்க்கான்'. இப்படிப்பட்ட பட்டத்தைச் சுமக்கும் இளைஞனுக்கு நடைமுறையில் தேவைப்படுவது, சந்தா கட்டாத உறுப்பினரிடம் எப்படிக் கேட்பது, சமையல்காரரின் சம்பளத்தில் வரி எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கும் ஆள்தான்.

பொறுப்புக் காலம் பெரும்பாலும் ஓராண்டு. வேலை பிடிபடும்போது அடுத்தவன் வந்துவிடுகிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்தில் என்ன விபரீதம் நடந்தது, கல்லூரியோடு என்ன உடன்பாடு செய்துகொண்டோம் என்பது மாணவர் எவருக்கும் நேரடியாகத் தெரியாது. கூடத்துச் சுவரில் ஆண்டுவாரியாகத் தொங்கும் உறுப்பினர் புகைப்படச் சட்டங்களில் முகங்கள் உண்டு, பெயர்கள் உண்டு. அந்தந்த ஆண்டின் படிப்பினை இல்லை. பழைய மாணவர் ஒருவரால் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த ஞாபகம். வரவு செலவை மாதாமாதம் பார்த்துக் கையெழுத்திடும் ஆலோசகர் எந்தச் செய்தித்தாளிலும் வர மாட்டார். கிளை ஒழுங்காக நடப்பதில் நன்கொடைப் பலகையில் பெயர் பொறித்த கோடீஸ்வரரைவிட அவருக்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்தக் குறையை அமைப்புகளும் உணராமல் இல்லை. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 1935இலேயே இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் பொறுப்பாளர்களுக்கான தலைமைத்துவப் பள்ளியைத் தொடங்கியது. சிக்மா கை 1947 முதல் கோடைக்காலப் பயிலரங்கு நடத்துகிறது. அங்கே சொல்லித் தருகிறவர்களில் பெரும்பகுதி பழைய மாணவர்களே. ஆனால் கோடையில் நான்கு நாள் கேட்ட பாடம் அக்டோபர் மாதச் சனிக்கிழமை இரவில் கைகொடுக்க, பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். அப்படி ஒருவர் இருப்பது தற்செயலாகவே இருக்கிறது. தொண்டர்தானே, அவருக்கும் வேலை, பிள்ளை குட்டி, வீட்டுக் கடன் எல்லாம் உண்டு.

3. நன்கொடை ஏன் சுவரில் போய் ஒட்டுகிறது

பணத்தின் பாதையை வரிச்சட்டம் வகுத்திருக்கிறது. அமெரிக்க வருமான வரித் துறை 1969இல் வெளியிட்ட விளக்கமொன்றின்படி கல்லூரி ஃப்ரெட்டர்னிட்டி ஒரு கேளிக்கைக் கழகம். கல்வி அறநிலையம் ஆகாது. அப்படிப்பட்ட கழகத்துக்குத் தரும் பணத்துக்கு வரிவிலக்கு கிடையாது. எனவே அமைப்புகள் தனியே கல்வி அறக்கட்டளைகளை நிறுவிக்கொண்டன. உதவித்தொகை, தலைமைத்துவப் பயிற்சி ஆகியவற்றுக்கான நன்கொடை அந்த வாசல் வழியே வரும். கொடுத்தவருக்கு வரிச் சலுகையும் உண்டு. வீட்டுக்கு என்று வந்தால் படிப்பறை, நூலகம், கணினி வலை போன்ற கல்விப் பகுதிக்கு மட்டுமே அறக்கட்டளைப் பணத்தைச் செலவிடலாம். பொழுதுபோக்குக் கூடத்துக்கோ படுக்கையறைக்கோ கூடாது. கட்டடப் பொறியாளர் வீட்டுப் படத்தை வைத்துக்கொண்டு இத்தனை சதவீதம் படிப்பு, இத்தனை சதவீதம் கூத்து என்று பிரிக்கும் காட்சி, எந்த நகைச்சுவை எழுத்தாளருக்கும் தோன்றாதது.

இந்தத் தடையை நீக்கும் மசோதா காங்கிரஸில் பலமுறை அறிமுகமாகி நெடுங்காலமாக இழுபட்டு வந்தது. அதற்காகப் பழைய உறுப்பினர்கள் 2005இல் அரசியல் நிதிக் குழு ஒன்றையே தொடங்கினார்கள். பழைய வீடுகளில் தெளிப்பான் பொருத்தத்தான் பணம் கேட்கிறோம் என்பது அவர்கள் முன்வைக்கும் காரணம். அதில் நியாயமில்லாமல் இல்லை. நூறாண்டு பழைய மரவீட்டில் நாற்பது பேர் தூங்குகிறார்கள். இருந்தாலும், ஒரு பெரும் அமைப்பின் பழைய மாணவர் பலம் தலைநகரில் திரளும்போது முன்னிற்கும் கோரிக்கை கட்டடத்தைப் பற்றியதாக இருப்பதைக் கவனிக்காமல் போக முடியவில்லை.

கல்லூரியோடு மோதல் வரும்போதும் இதே கதைதான். நியூயார்க் மாநிலத்தின் ஹாமில்டன் கல்லூரி 1995இல் எல்லா மாணவரும் கல்லூரிக்குச் சொந்தமான விடுதிகளில்தான் தங்க வேண்டும் என்று அறிவித்தது. 1832இல் ஆல்ஃபா டெல்டா ஃபை பிறந்த மண் அது. வீடு வைத்திருந்த தரப்பினர் கல்லூரி ஏகபோகம் செய்கிறது என்று, எண்ணெய்க் கம்பெனிகளையும் ரயில் கம்பெனிகளையும் கட்டுப்படுத்த வந்த ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டதை, 1997இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரணைக்குரியதே என்று திருப்பி அனுப்பியது. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2014இல் ஆண்கள் மட்டுமே தங்கும் ஃப்ரெட்டர்னிட்டி வீடுகள் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டபோது எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானது டெல்டா கப்பா எப்சிலான் வீட்டின் உரிமையாளரான கென்ட் லிட்டரரி கிளப். பெயரில் இலக்கியம், கையில் வீட்டுப் பத்திரம். 2017இல் நடுவர் குழு அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2021இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது.

4. வேலை வாங்கித் தருகிறார்களா?

பழைய மாணவரால் இன்றைய உறுப்பினருக்குக் கிடைக்கும் பெரும் பலன் வேலைதான் என்பது பரவலான நம்பிக்கை. சான்றுகள் ஒரே திசையில் நிற்கவில்லை. மர்மரோஸ், சசர்டோட் இருவரும் 2002இல் வெளியிட்ட டார்ட்மத் ஆய்வு, வேலை தேடும் இறுதியாண்டு மாணவர்கள் ஃப்ரெட்டர்னிட்டித் தொடர்புகளையும், பெண்களுக்கான இணை அமைப்பான சொராரிட்டியின் தொடர்புகளையும் நாடுவதையும், அப்படி உதவி பெறுவது அதிகச் சம்பள வேலையோடு சேர்ந்து வருவதையும் காட்டியது. வடகிழக்குப் பகுதிக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களை வைத்து மாரா, டேவிஸ், ஷ்மிட் ஆகியோர் செய்த ஆய்வின்படி, ஃப்ரெட்டர்னிட்டியில் சேர்வது ஆண்களின் மதிப்பெண் சராசரியை ஏறத்தாழ 0.25 புள்ளி குறைக்கிறது. பிற்கால வருமானத்தை 36 சதவீத அளவு கூட்டுகிறது. படிப்பில் இழந்ததைப் பழக்கத்தில் பிடித்துவிடுகிறார்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடிய எண் இது.

ஈவன், ஸ்மித் இருவரின் ஆய்வு வேறு வழியில் போனது. பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், சேர்வதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்ற விதி உண்டு. அந்த வரம்பை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். மதிப்பெண் குறைவது இங்கும் உறுதியானது. வருமானம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்த இருவகை முடிவுகளையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? முதல் வகை வந்தது சிறிய தனியார் கல்லூரிகளிலிருந்து. பழைய மாணவர் வட்டம் நெருக்கமானது, நிதித் துறையிலும் சட்டத் துறையிலும் வேரூன்றியது. மற்றது ஆயிரக்கணக்கானோர் படிக்கும் அரசு வளாகம். ஆய்வு முறைகளின் பலவீனங்களும் வேறுபடுகின்றன. ஏற்கெனவே வசதியும் சாமர்த்தியமும் உள்ளவர்களே ஃப்ரெட்டர்னிட்டிக்குப் போகிறார்கள் என்ற ஐயத்தை முதலிரண்டு ஆய்வுகளால் முழுதாகக் களைய முடியாது. மூன்றாவதன் முடிவு வரம்புக்கு அருகில் நின்ற சராசரி மாணவர்களுக்கே பொருந்தும். என் வாசிப்பில், பழைய மாணவர் செல்வாக்கு எங்கே ஏற்கெனவே திரண்டிருக்கிறதோ அங்கே மட்டுமே அது கையால் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளாகிறது. மற்ற இடங்களில் அது சேர்க்கைப் பருவத்தில் சொல்லப்படும் வாக்குறுதியாக நின்றுவிடுகிறது.

5. ஆதரவு கட்டளையாகும்போது

2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் இதழான 'தி கிரிம்சன் ஒய்ட்' ஒரு செய்தி வெளியிட்டது. நல்ல மதிப்பெண்ணும் குடும்பப் பின்னணியும் உள்ள கறுப்பின மாணவி ஒருவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு சொராரிட்டியின் இன்றைய உறுப்பினர்கள் விரும்பினார்கள். பழைய மாணவிகள் குறுக்கிட்டதால் வாக்கெடுப்புக்கே வழியில்லாமல் போயிற்று என்று உறுப்பினரே வெளிப்படையாகச் சொன்னார். பரிந்துரைக் கடித விதி காரணமாகக் காட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்க உத்தரவிட்டதும், சில நாள்களிலேயே கறுப்பின மாணவிகள் சிலருக்கு அழைப்பு போய், அவர்கள் சேர்ந்தார்கள்.

இளையவர்கள் முரட்டுத்தனமானவர்கள், முதியவர்கள் கடிவாளம் என்ற வழக்கமான சித்திரம் இங்கே தலைகீழாகிறது. இது புதிதும் அல்ல. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை, கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்க்க முடிவெடுத்தது. பழைய மாணவர்களால் நடத்தப்படும் தேசியத் தலைமை கிளையை விலக்கியது. கிளை பின்வாங்காமல் உள்ளூர்த் தனியமைப்பாகத் தொடர்ந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1965இல், ஸ்டான்ஃபோர்டின் சிக்மா கை கிளைக்கும் ஏறத்தாழ இதே அனுபவம். மூத்தவரின் ஞாபகம் கிளைக்குச் சொத்து என்று மேலே சொன்னேன். எந்த ஞாபகம் என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். தன் காலத்தில் வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்ற ஆசைக்குக் கைக்காசும் சேரும்போது, இருபது வயதுத் தலைவனால் அதை எதிர்த்து நிற்பது சுலபமல்ல.

6. வீடில்லாதவர்களின் வழி

1906 டிசம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். வெள்ளையர் வீடுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. தமக்கென மாளிகை கட்டவும் வசதியில்லை. இங்கே பழைய மாணவரின் இடம் வேறு விதமாக அமைந்தது. 1911இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளை உருவாயிற்று. பட்டம் பெற்றவர் 'முன்னாள்' ஆவதில்லை. கிளை மாறுகிறார், சந்தா கட்டுகிறார், கூட்டத்துக்கு வருகிறார். பட்டப்படிப்புக்குப் பிறகும் சேரலாம். மார்ட்டின் லூதர் கிங் 1952இல் பாஸ்டனில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோதுதான் உறுப்பினரானார். கல்லூரிக் கிளைக்கு ஆலோசகரைத் தருவதும் கண்காணிப்பதும் பட்டதாரிக் கிளையின் கடமை.

கறுப்பின மாணவர் அமைப்புகளின் கூட்டமைப்பாக 1930இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான தேசியப் பான்-ஹெலனிக் கவுன்சிலில் இன்று சேர்ந்திருக்கும் ஒன்பது அமைப்புகளுக்கும் இந்த முறை பொது. வாக்காளர் பதிவு இயக்கம், மிசிசிப்பியின் ஏழை விவசாயிகளுக்காக 1935 முதல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சொராரிட்டி நடத்திய மருத்துவ முகாம் போன்ற பணிகளைத் தோளில் சுமந்தவர்கள் பட்டதாரி உறுப்பினர்கள். 1986இல் ஹோவர்டில் அந்த அமைப்பில் சேர்ந்தவர் கமலா ஹாரிஸ். தாய்வழியில் தமிழ்க் குடும்பத்துப் பெண். 2024 தேர்தலில் அவருக்குப் பின்னால் திரண்டவர்களில் வேலைக்குப் போகும், ஓய்வுபெற்ற பெண்கள் ஏராளம். அந்தத் திரட்சி எங்கிருந்து வந்தது? நூறாண்டுக்கு மேலாக மாதாமாதம் கூடிவரும் பட்டதாரிக் கிளைகளிலிருந்து வந்தது.

இதைப் பொற்காலச் சித்திரமாக்க நான் தயாரில்லை. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் 1989இல் நடந்த ஒரு மாணவர் சாவுக்குப் பிறகு, 1990இல் இந்த அமைப்புகள் பழைய சேர்க்கைச் சடங்கு முறையையே ரத்துசெய்தன. சடங்கு ஒழியவில்லை, தலைமறைவானது. அதை நடத்துகிறவர்களில் சமீபத்தில் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். நாங்கள் பட்ட பாட்டை நீ படவில்லையென்றால் நீ எப்படி எங்களில் ஒருவன் என்ற கேள்வியைப் பழைய உறுப்பினர் கேட்கும்போது அதற்குக் கனம் கூடுகிறது. 1990களில் தோன்றிய தெற்காசிய ஃப்ரெட்டர்னிட்டிகளுக்கும் இந்த வீடில்லாத வழி பொருந்தும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1998இல் பிறந்த டெல்டா எப்சிலான் சை போன்றவற்றுக்கும் பெரும்பாலும் வீடு இல்லை. முதல் தலைமுறையில் பழைய உறுப்பினர் என்றாலே இருபத்தைந்து வயதுக்காரர்தான். அண்ணன் தம்பி நெருக்கம் அதிகம். முதிர்ச்சியின் இடைவெளி குறைவு.

7. நெருங்கினால் பொறுப்பு

2017 பிப்ரவரி 2 இரவு, பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், புதுமுகங்களை வரவேற்கும் விருந்தில் பத்தொன்பது வயது டிமத்தி பியாஸ்ஸாவுக்கு அளவுக்கு மீறிக் குடிக்கக் கொடுத்தார்கள். படிக்கட்டில் விழுந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் யாரும் மருத்துவ உதவி கேட்கவில்லை. 4ஆம் தேதி இறந்தார். பழைய மாணவர் ஆதரவு என்று கையேடுகள் அடுக்கும் பலவும் அந்த வீட்டில் இருந்தன. பழைய உறுப்பினர் ஒருவர் பல மில்லியன் டாலர் செலவில் வீட்டைப் புதுப்பித்திருந்தார். மது கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஆலோசகர் ஒருவர் குடியிருந்தார். கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. நடந்ததில் பெரும்பகுதி அவற்றில் பதிவாகியிருந்தது.

ஆதரவின் அளவு போதாததால் இது நடந்தது என்று சொல்ல முடியாது. வந்த ஆதரவு எந்த வகை என்பதே கேள்வி. வீட்டைச் செப்பனிட முடிந்த கை, அந்த இரவில் கிளைத் தலைவனின் தோளில் இல்லை. ஏன் என்பதற்குத் தனிமனித அலட்சியம் ஒரு பதில். சட்டத்தின் போக்கு இன்னொரு பதில்.

1991இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் ஃப்யூரெக் வழக்கில், ராகிங்கைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டதால், அதில் தவறினால் இழப்பீட்டுக்கும் உரியதாகும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட மாணவருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் வழக்கறிஞர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: கண்காணித்தால் கடமை வரும், கடமை வந்தால் வழக்கு வரும். ஃப்ரெட்டர்னிட்டித் தலைமைகளும் வீட்டுக் கழகங்களும் நீதிமன்றங்களில் முன்வைக்கும் வழக்கமான தற்காப்பு, அன்றாட நிர்வாகம் எங்கள் கையில் இல்லை என்பதே. காப்பீட்டு ஏற்பாடு அதற்கு ஒத்து ஊதுகிறது. ஆபத்துத் தடுப்பு விதியை மீறிய உறுப்பினர் அமைப்பின் காப்பீட்டுப் பாதுகாப்பை இழக்கிறார். சுமை அவருடைய பெற்றோரின் வீட்டுக் காப்பீட்டுக்குப் போகிறது என்று ஃப்ளானகன் விரிவாகக் காட்டியிருந்தார். விதியை எழுதுகிறவர் முதியவர். அதைச் சனிக்கிழமை இரவில் அமல்படுத்த வேண்டியவன் இருபது வயதுக்காரன். தவறினால் சுமப்பவனும் அவனே.

பென்சில்வேனியா ஸ்டேட் வழக்கு அதை எழுத்துக்கு எழுத்து காட்டியது. 2018இல் பென்சில்வேனியா, இறந்தவரின் பெயரிலேயே ராகிங் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில், சம்பவம் நடந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், அன்றைய கிளைத் தலைவருக்கும் புதுமுகங்களுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கும் இரண்டு முதல் நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது அவர்கள் செய்த குற்றத்துக்கு அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதிகாரப் படிநிலையில் அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் அந்தத் தண்டனைக்கு வெளியே இருந்தார்கள்.

2024 டிசம்பரில் கூட்டாட்சி அரசின் வளாக ராகிங் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. கல்லூரிகள் ராகிங் புள்ளிவிவரங்களை வெளியிட வேண்டும்; விதி மீறிய மாணவர் அமைப்பின் பெயர், நடந்தது என்ன, எப்போது விசாரணை, என்ன தண்டனை என்பவற்றைப் பொது அறிக்கையாக இணையத்தில் வைக்க வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இனி அதைப் படித்துப் பார்க்கலாம். அந்த அறிக்கையில் கிளையின் பெயர் இருக்கும். சம்பவம் நடந்த வீடு யாருக்குச் சொந்தம், அங்கே ஆலோசகராக இருந்தவர் யார், அவர் கடைசியாக எப்போது வந்து போனார் என்று சொல்லும்படி சட்டம் கேட்கவில்லை.